கைமாறி வந்த பீற்றா: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

யாழ்ப்பாணத்தில் பீற்றா இயங்குதளம், அதாவது இறுதி வெளியீட்டுக்கு முன் சோதனைக்கு விடும் பதிப்பு, ஒரு சாதனத்துக்குள் நுழைவது பெரும்பாலும் மூன்று வழிகளில். ஐந்தாறு ஜிபி டேற்றாவை மிச்சம் பிடிக்க நண்பரின் பென்ட்ரைவில் இருந்து எடுத்த விண்டோஸ். ரெலிகிராம் குழுவில் வந்த சம்சுங் கோப்பு. கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் உறவினர் பாவித்துவிட்டு, தான் போட்ட பீற்றாவோடேயே அனுப்பிவிட்ட ஐபோன். மூன்றிலும் கோளாறின் வேர் ஒன்றுதான்: முதலில் போட்டவருக்கு வந்துகொண்டிருந்த அடுத்த அப்டேற்றும் காலாவதி அறிவிப்பும் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும், கைமாறி வாங்கியவருக்கு வந்து சேர்வதில்லை.

எதையும் தொடமுன்

உள்ளே இருப்பது என்ன பதிப்பு என்று வடிவாகப் பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'இவாலுவேஷன் கொப்பி' என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு காலாவதித் திகதியும் இருந்தால் அது பீற்றா. திரையின் வலது கீழ் மூலையிலும் இதே சொல் வழக்கமாகத் தெரியும். ஆனால் அதை மறைத்துவிடும் கருவிகள் உண்டு. மூலை வெறுமையாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

ஐபோனில் செற்றிங்ஸ் > ஜெனரல் > அபவுட் போய் ஐஓஎஸ் வேர்ஷனைத் தட்டினால் அடைப்புக்குறிக்குள் ஒரு பில்ட் எண் (அந்தப் பதிப்பின் அடையாள எண்) வரும். அது சிறிய ஆங்கில எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் பீற்றா. இலக்கத்தில் முடிந்தால் இறுதிப் பதிப்பு.

சம்சுங்கில் செற்றிங்ஸ் > அபவுட் போன் > சொப்ற்வெயார் இன்ஃபர்மேஷன். பில்ட் எண்ணின் கடைசி 4 எழுத்துகளில் முதலாவது 'இசட்' என்றால் பீற்றா. அந்த நான்குக்கும் சரியாக முன்னால் நிற்கும் இலக்கம் பூட்லோடர் எண் (போன் எழும்பும்போது இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் மென்பொருளின் எண்). அதைத் தாளில் எழுதி வையுங்கள், கீழே தேவைப்படும்.

சாதனத்தில் யாருடைய கணக்கு ஏறியிருக்கிறது என்றும் பாருங்கள். ஆப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் எதுவானாலும், கணக்கு முன்னைய ஆளுடையது என்றால் அவருடன் கதைத்து அதை நீக்கும்வரை எதையும் அழிக்க வேண்டாம். அழித்த பிறகு சாதனம் அவருடைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும்.

பிறகு பக்கப். படம், ஆவணம், தொலைபேசி எண்கள், வட்ஸ்அப் எல்லாவற்றையும் வேறொரு சாதனத்துக்கு எடுத்த பின்தான் மற்ற வேலை. 2018 ஒக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 அப்டேற் சிலருடைய ஆவணக் கோப்புறைகளை அழித்தது. மைக்ரோசொப்ட் சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தது. அதே கோளாறைப் பீற்றா பாவித்த சிலர் முன்கூட்டியே அறிவித்திருந்தும் அது கவனிக்கப்படாமல் போயிருந்தது. முறையாகச் சோதித்து வெளியிட்டதிலேயே அப்படி நடந்திருக்கிறது. கைமாறி வந்த கோப்பில் பக்கப் இல்லாமல் கைவைக்கக் கூடாது.

அறிகுறி: விண்டோஸ் 'காலாவதியாகப் போகிறது' என்கிறது, அல்லது சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழும்புகிறது

இன்சைடர் என்பது மைக்ரோசொப்ட்டின் பீற்றாத் திட்டம். இன்சைடர் பில்ட் ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே ஒரு காலாவதித் திகதி உண்டு. முதலில் எச்சரிக்கை வரும், அடுத்து கணினி அடிக்கடி தானாக மறுதொடக்கமாகும், கடைசியில் விண்டோஸ் எழும்பாமலே போகும். இந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கையில் நேரம் இருக்கிறதா என்று தெரியும்.

கணினியின் திகதி சரியா? காசு செலவில்லாத சோதனை இதுதான். ஆண்டு முன்னுக்கு ஓடியிருந்தால் காலாவதியாகாத பில்ட்டும் காலாவதி என்று சொல்லும். மின் இணைப்பை எடுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் திகதி மாறுகிறது என்றால் மதர்போர்ட்டில் உள்ள சிஆர் 2032 பற்றரியை மாற்றுங்கள். 3 வோல்ற், நாணயம்போல வட்டமானது, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

சிலர் இதையே தலைகீழாகச் செய்யச் சொல்வார்கள்: திகதியைப் பின்னுக்கு வைத்தால் காலாவதி நின்றுவிடும் என்று. செய்யாதீர்கள். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தாது. வங்கித் தளமும் மின்னஞ்சலும் திறக்காது. அந்த எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகப் பழகிவிட்டால், உண்மையான போலித்தளம் வரும் நாளிலும் தாண்டிப் போவீர்கள்.

திகதி சரி என்றால் அப்டேற் ஏன் வரவில்லை என்று பாருங்கள். இங்கே அதிகம் காணும் காரணம் போன் ஹொட்ஸ்பொட்டும் டொங்கிளும்: அந்த இணைப்பு 'மீற்றேட்' (டேற்றா அளவு மட்டுப்பட்டது) என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரிய அப்டேற்றுகளை இறக்காது. செற்றிங்ஸ் > நெற்வேர்க்கில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து அதை அணையுங்கள். இன்சைடர் பில்ட் வருவதற்கு 'ஒப்ஷனல் டயக்னோஸ்ரிக் டேற்றா'வும் இயக்கத்தில் இருக்க வேண்டும்; டேற்றா மிச்சம் பிடிக்க அதை அணைத்து வைத்திருப்பார்கள். அடுத்து செற்றிங்ஸ் > விண்டோஸ் அப்டேற் > விண்டோஸ் இன்சைடர் புரோகிராம் பக்கத்தைத் திறவுங்கள். பென்ட்ரைவில் இருந்து போட்ட கணினியில் இந்தப் பக்கம் எந்தக் கணக்குடனும் இணையாமல் வெறுமையாக இருக்கும். அப்படியே விட்டால் இந்தக் கணினிக்கு அடுத்த பில்ட் வரப்போவதில்லை.

இனி வெளியேறும் வழி. பழைய விண்டோஸின் மேலேயே பீற்றாவைப் போட்டு 10 நாள் ஆகவில்லை என்றால் செற்றிங்ஸ் > சிஸ்டம் > ரிக்கவரியில் 'கோ பக்' பொத்தான் உயிரோடு இருக்கும். அழுத்தினால் பழைய பதிப்பு கோப்புகளோடு திரும்பும். 10 நாள் கடந்திருந்தாலோ, டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் போட்டிருந்தாலோ அந்தப் பொத்தான் வேலை செய்யாது.

அடுத்தது, இறுதிப் பதிப்பை மேலே போட்டுப் பார்ப்பது. மைக்ரோசொப்ட் தளத்தில் இருந்து நேரடியாக இறக்கிய இறுதிப் பதிப்பின் பில்ட் எண், உங்களிடம் உள்ள பீற்றாவின் எண்ணுக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டே ஏற்ற முடியும். குறைவாக இருந்தால் 'கீப் பைல்ஸ்' தெரிவு மங்கிப்போயிருக்கும். டெவ், கனறி சனல்களில் (இன்சைடர் திட்டத்தின் முற்பட்ட சோதனைத் தடங்கள்) இருந்து வந்த பில்ட் என்றால் அநேகமாக எண் கூடவே இருக்கும்; துடைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

துடைத்துப் போட வேறொரு கணினியில் மீடியா கிரியேஷன் ரூலை ஓடவிட்டு, குறைந்தது 8 ஜிபி பென்ட்ரைவில் நிறுவியைச் செய்யுங்கள். பென்ட்ரைவில் இருப்பதெல்லாம் அழியும். கணினியோடு வந்த விண்டோஸ் ஹோம் என்றால் ஹோமையே தெரிவுசெய்யுங்கள். ப்ரோ தெரிவுசெய்தால் மதர்போர்ட்டில் உள்ள சாவி பொருந்தாது. கணினி ஏற்கெனவே எழும்பாத நிலையில் இருந்தால், நிறுவமுன் உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) பென்ட்ரைவில் இருந்து எழுப்பி, 'ட்ரை' தெரிவில் நின்றபடி பழைய டிஸ்க்கைத் திறந்து ஆவணங்களை வெளியே கொப்பி பண்ணுங்கள்.

அந்த இடத்தில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிற்லொக்கர் இயங்குகிறது. 48 இலக்க மீட்புச் சாவி தேவை. விண்டோஸ் 11-இல் மைக்ரோசொப்ட் கணக்கோடு அமைத்த பல கணினிகளில் குறியாக்கம் கேட்காமலே தொடங்கியிருக்கும். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் போட்டுத் தந்த நண்பர் தன் கணக்கைப் பாவித்திருந்தால் உங்கள் டிஸ்க்கின் சாவி அவருடைய கணக்கில் கிடக்கிறது. கணினி எழும்பும்போதே இதைக் கேட்டு வாங்கி வையுங்கள். எழும்பாமல் போன பிறகு, அவர் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்திருந்தால், எந்தத் திருத்துநராலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

கணினி விண்டோஸ் 11-இன் தகுதிகளை எட்டாது என்பதாலேயே பீற்றா வழியாகப் போனவர்களும் உண்டு. ரிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), 4 ஜிபி ரம், 64 ஜிபி இடம் ஆகியவை அடிப்படைத் தேவை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிப்பட்ட பாவனையாளருக்கான நீடிப்புத் திட்டம் 2026 ஒக்டோபர் 13 வரைதான். பழைய மடிகணினியைக் காலாவதி பீற்றாவில் இழுத்தடிப்பதைவிட உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் போடுவது மேல் என்பது எங்கள் கருத்து. படிக்கிற பிள்ளைக்கு உலாவியும் ஆவணம் எழுதும் செயலியும் அதில் நன்றாகவே ஓடும்.

திருத்துநரிடம் போகவேண்டிய கட்டம்: டிஸ்க் கிளிக் கிளிக் என்று சத்தம் போடுகிறது, உபுண்டுவிலும் டிஸ்க் தெரியவில்லை, அல்லது பக்கப் இல்லாத பல்கலைக்கழக ஆய்வேடு, கடைக் கணக்கு போன்ற ஒன்று உள்ளே இருக்கிறது. டிஸ்க்கில் சத்தம் வந்தால் மின்னை உடனே நிறுத்துங்கள். இன்னொரு முறை எழுப்பிப் பார்ப்பதால் கிடைக்கக்கூடியதும் போகும்.

அறிகுறி: பென்ட்ரைவ் விண்டோஸ் போட்ட பிறகு கணினி சும்மா இருக்கும்போதே விசிறி ஓடுகிறது, கணக்குகளில் தெரியாத உள்நுழைவு

இங்கே சிக்கல் பீற்றாவில் இல்லை, அதன் பெயரில் வந்த பொதியில். விண்டோஸ் 11-இன் 21996 என்ற பில்ட் 2021 ஜூனில், அறிவிப்புக்கு முன்பே, இணையத்தில் கசிந்தது. அடுத்த மாதமே, அந்த எண்ணைப் பெயரில் வைத்துக்கொண்டு வைரஸ் சுமந்த போலி நிறுவிகள் சுற்றுவதாக வைரஸ் தடுப்பு நிறுவனமான கஸ்பர்ஸ்கி எச்சரித்தது. கோப்பு 1.75 ஜிபி பருமனில் இருந்ததால் பலர் சந்தேகப்படவில்லை; பருமனில் பெரும்பகுதி வெறும் நிரப்பல். பெயரிலேயே 'அக்ரிவேற்றர்' (உரிமச் சாவி இல்லாமல் இயக்கும் கருவி) என்று சேர்ந்திருக்கும் எந்த நிறுவியும் இதே வகை.

சோதனை: விண்டோஸ் செக்கியூரிற்றி திறக்கிறதா? திறந்தால் 'வைரஸ் அன்ட் த்ரெற் ப்ரொரெக்ஷன்' > 'மனேஜ் செற்றிங்ஸ்' > 'எக்ஸ்குளூஷன்ஸ்' பாருங்கள். சோதிக்காமல் விடவேண்டிய இடங்களின் பட்டியல் அது. நீங்கள் சேர்க்காமல் அங்கே சி டிரைவ் முழுவதுமோ ஏதாவது கோப்புறையோ இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

மூலக் கோப்பு கையில் இருந்தால் அதையும் ஒப்பிடலாம். செவன்சிப் (கோப்புச் சுருக்கும் செயலி) நிறுவியிருந்தால் கோப்பில் வலது சொடுக்கி, கோப்பின் கைரேகை போன்ற 'எஸ்எச்ஏ 256' தெரிவுசெய்யுங்கள். 64 எழுத்து கொண்ட ஒரு சரம் வரும். மைக்ரோசொப்ட் தன் பதிவிறக்கப் பக்கத்தில் போட்டிருக்கும் சரத்தோடு ஓர் எழுத்துக்கூட வேறுபடக் கூடாது.

இதற்குத் திருத்தம் கிடையாது. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுங்கள். இயக்கக்கூடிய கோப்பு எதையும் எடுக்க வேண்டாம். டிஸ்க்கின் எல்லாப் பிரிவுகளையும் அழித்து முன் சொன்னபடி புதிதாகப் போடுங்கள். கடவுச்சொற்களை இந்தக் கணினியில் அல்ல, சுத்தமான ஒரு போனில் இருந்து மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு பேஸ்புக்கும் மற்றவையும். மின்னஞ்சல் திருடன் கையில் இருக்கும்வரை மற்றக் கடவுச்சொற்களை மாற்றுவதில் பயனில்லை, எல்லா மீட்பு இணைப்பும் அங்கேதான் போகும். ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். காசு போயிருந்தால் வங்கியின் அவசர எண்ணுக்கு அப்போதே எடுங்கள். கணக்குத் திருட்டுக்கு இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் 101 எண்ணில் உதவி கேட்கலாம்.

அறிகுறி: ஐபோனில் செயலிகள் திறக்காமல் மூடுகின்றன, 'புதிய அப்டேற் உண்டு' என்ற பெட்டி திரும்பத் திரும்ப வருகிறது

திகதியையும் நேரத்தையும் தானியங்கிக்கு மாற்றுங்கள். மூடும் செயலியை அப் ஸ்ரோரில் புதுப்பியுங்கள். பெட்டி மட்டும்தான் தொல்லை என்றால் அது பீற்றாவின் பிழையாகவே இருக்கலாம். 2018 ஓகஸ்ட்டில் ஐஓஎஸ் 12 பீற்றாவில் போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இல்லாத அப்டேற்றைக் கேட்டு இப்படித்தான் பெட்டி வந்தது, அடுத்த பீற்றாவில் சரியானது.

பிறகு செற்றிங்ஸ் > ஜெனரல் > சொப்ற்வெயார் அப்டேற் > பீற்றா அப்டேற்ஸ். அதை 'ஓஃப்' ஆக்கிவிட்டு, அடுத்த இறுதிப் பதிப்பு வரும்வரை காத்திருந்து ஏற்றுங்கள். தரவு போகாது, காசும் போகாது. அவசரம் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஐஓஎஸ் 16.4-க்கு முற்பட்ட போன் என்றால் பீற்றா ஒரு புரொபைலாக (அமைப்புகளை மாற்றும் சிறு கோப்பு) ஏறியிருக்கும். செற்றிங்ஸ் > ஜெனரல் > விபிஎன் அன்ட் டிவைஸ் மனேஜ்மென்ற் போய் நீக்குங்கள். அதே இடத்தில் உறவினரின் வேலைத்தளப் பெயரில் வேறு புரொபைல் கிடந்தால் அது பீற்றா அல்ல, நிறுவனக் கட்டுப்பாடு. அவர்தான் தன் வேலைத்தளத்தில் கேட்டு எடுப்பிக்க வேண்டும்.

இப்போது பீற்றா புரொபைல் என்று யாராவது கோப்பு அனுப்பினால் ஏற்ற வேண்டாம். 16.4-இல் இருந்து பீற்றா ஆப்பிள் கணக்கோடு பிணைந்தது. 2023-இல் இருந்து டெவலப்பர் பீற்றாவும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. புரொபைல் அனுப்புகிறவர் வேறு எதையோ ஏற்றச் சொல்கிறார்.

காத்திருக்க முடியாது என்றால் கணினி வழியாகப் பின்னுக்குப் போகலாம், போன் முழுவதும் அழியும். அதைவிட முக்கியமானது: பீற்றாவில் எடுத்த பக்கப் பழைய ஐஓஎஸ்ஸில் ஏறாது. பீற்றா போடமுன் கணினியில் எடுத்து 'ஆர்க்கைவ்' செய்த பக்கப் இருந்தால் அதுதான் திரும்பும். அது இல்லை என்றால் படங்களையும் தொடர்புகளையும் தனித்தனியே வெளியே எடுத்த பிறகே தொடங்குங்கள்.

அறிகுறி: ஐபோன் ஆப்பிள் சின்னத்திலேயே நிற்கிறது

ஐபோன் 8-க்குப் பிந்தையவற்றில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பக்கப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சின்னம் மறைந்து மீண்டும் வரும்போது கையை எடுத்தால் அது வெறும் மறுதொடக்கம். அதில் சரிவராவிட்டால் கணினியில் கேபிளைச் செருகிக்கொண்டு அதையே செய்யுங்கள். இம்முறை கேபிள் படம் வரும்வரை கையை எடுக்காதீர்கள். கணினியில் ஆப்பிள் டிவைசஸ் செயலி 'அப்டேற்', 'ரீஸ்ரோர்' என இரண்டைக் கேட்கும். முதலில் 'அப்டேற்'. அது தரவைத் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் திரும்பப் போட முயலும். 'ரீஸ்ரோர்' எல்லாவற்றையும் அழிக்கும்.

இங்குள்ள இணைய வேகத்தில் பலர் இடறும் இடம் இதுதான்: பதிவிறக்கம் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் தானாக அந்த நிலையை விட்டு வெளியேறிவிடும். போன் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பதிவிறக்கம் முடியும்வரை விட்டுவிட்டு, முடிந்ததும் அதே பொத்தான் வரிசையை மீண்டும் செய்யுங்கள்.

முடிவில் முன்னைய ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால் அது அக்ரிவேஷன் லொக். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தன் ஐகிளவுட் பக்கத்தில் இருந்தே இந்தச் சாதனத்தை நீக்கிவிடலாம். போனை அனுப்பத் தேவையில்லை. 'லொக் உடைத்துத் தருகிறோம்' என்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.

4013, 4014 என்ற பிழை எண்கள் வந்தால் கேபிளையும் கணினியையும் மாற்றி ஒருமுறை பாருங்கள். அதே எண் மீண்டும் வந்தால் பெரும்பாலும் உள்ளே வன்பொருள் கோளாறு. போர்ட் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஆப்பிள் வோட்ச்சில் பீற்றா போட்டிருந்தால் வீட்டிலோ கடையிலோ பின்னுக்குப் போக வழியே இல்லை. இறுதிப் பதிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.

அறிகுறி: போன் சுடுகிறது, பற்றரி அரைநாள்கூட நிற்கவில்லை

ஏற்றிய முதல் இரண்டு நாள் சூடாகத்தான் இருக்கும், உள்ளே கோப்புகளை மீண்டும் அட்டவணைப்படுத்தும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பம் 0 முதல் 35 பாகை. சித்திரை, வைகாசி வெயிலில் மோட்டார்சைக்கிள் தாங்கியில் பூட்டிய போன் அதைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டைப் பீற்றாவின் கணக்கில் எழுத வேண்டாம். பற்றரி ஹெல்த் 80 வீதத்துக்குக் கீழ் என்றால் மாற்றவேண்டியது பற்றரி. பின்பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: வங்கிச் செயலி 'இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது' என்று மூடுகிறது

செயலியைப் புதுப்பியுங்கள். டெவலப்பர் ஒப்ஷன்சை அணையுங்கள். யுஎஸ்பி டிபக்கிங் இயங்கினாலே சில செயலிகள் மறுக்கும். பிறகு பிளே ஸ்ரோரில் உங்கள் படத்தைத் தட்டி செற்றிங்ஸ் > அபவுட் போனால் 'பிளே ப்ரொரெக்ற்' சான்று தெரியும். 'சேர்ட்டிஃபைட்' என்றில்லாவிட்டால் செயலியைக் குறைசொல்லிப் பயனில்லை, இயங்குதளமே ஏற்கப்படவில்லை. போன் எழும்பும்போது பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வருகிறதா என்றும் பாருங்கள்.

சான்று இல்லாத போனில் செயலியை ஏமாற்ற மறைப்புக் கருவிகள் போடும் பழக்கம் உண்டு. உங்கள் சம்பளக் கணக்கும் லங்கா கியூஆர் கொடுப்பனவும் ஓடும் போனுக்கு அது ஆகாது. வேறொரு போனில் வங்கிச் செயலியைப் போட்டு, பழைய சாதனப் பதிவை நீக்கும்படி வங்கியிடம் கேட்டுக்கொண்டு, இந்தப் போனுக்கு இறுதிப் பதிப்பை ஆறுதலாகப் போடுங்கள்.

அறிகுறி: கோப்பால் ஏற்றிய பீற்றாவுக்குப் பிறகு சம்சுங் சின்னத்திலேயே நிற்கிறது, அல்லது எழும்பி எழும்பி விழுகிறது

சம்சுங்கின் பீற்றா, மெம்பேர்ஸ் செயலி வழியாகக் கொரியா, அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, இந்தியா போன்ற சில நாடுகளுக்கே தரப்படுகிறது. இலங்கைக்குத் தரப்படுவதில்லை என்பதால்தான் இங்கே கோப்பாகச் சுற்றுகிறது. அந்தக் கோப்பு முழு இயங்குதளம் அல்ல. ஒரு குறிப்பிட்ட பில்ட்டில் இருந்து இன்னொரு குறிப்பிட்ட பில்ட்டுக்குப் போவதற்கான வித்தியாசம் மட்டுமே அதில் இருக்கும். உங்கள் போனில் உள்ள பில்ட் எண் அந்தத் தொடக்க எண்ணோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தாவிட்டால் ஏறாது. ஏறினாலும் அடுத்தது தானாக வராது. பாதுகாப்பு இணைப்புகளும் பெரும்பாலும் நின்றுபோகும்.

முதலில் 20 நிமிடம் சார்ஜரில் விட்டுப் பாருங்கள். பின் ஒலி குறைக்கும் பொத்தானையும் பக்கப் பொத்தானையும் 7 செக்கனுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். அதிலும் எழும்பாவிட்டால் ரிக்கவரி என்ற மீட்புத் திரை: போனை அணைத்து, கணினியோடு கேபிளால் இணைத்து, ஒலி கூட்டும் பொத்தானையும் பக்கப் பொத்தானையும் பிடியுங்கள். புதிய மாதிரிகளில் கேபிள் இல்லாமல் ரிக்கவரி திறக்காது. அங்கே 'வைப் கஷ் பார்ட்டிஷன்', பிறகு 'ரிப்பெயர் அப்ஸ்'. இரண்டும் தரவை அழிக்காதவை. இவற்றிலும் சரிவராவிட்டால்தான் 'பக்ரறி ரீசெற்'. அது எல்லாவற்றையும் அழிக்கும், எழும்பிய பின் பழைய கூகிள் கணக்கைக் கேட்கும்.

ரீசெற்றும் கைவிட்டால் இயங்குதளத்தையே திரும்பப் போட வேண்டும். கணினியில் சம்சுங் ஸ்மார்ட் சுவிட்ச்சில் உள்ள அவசர மீட்பை முதலில் முயலுங்கள். கோப்பு சம்சுங்கிடம் இருந்தே வரும். சம்சுங் போனில் கணினி வழியாக இயங்குதளம் ஏற்றும் ஒடின் கருவிக்குப் போவது அதற்குப் பிறகு. ஒடினில் நான்கு கோப்பு போடவேண்டும். சிஎஸ்சி (பிராந்திய அமைப்பு) கோப்பு இரண்டு வகையில் வரும்: 'ஹோம்' என்று தொடங்குவது தரவை வைத்திருக்கும், மற்றது அழிக்கும். ஆனால் பீற்றாவில் இருந்து பழைய அன்ட்ரொயிட்டுக்குக் கீழிறங்கும்போது 'ஹோம்' போட்டால் மீண்டும் சின்னத்திலேயே நிற்கக்கூடும். அங்கே அழிப்பதே சரி.

தொடக்கத்தில் எழுதி வைத்த பூட்லோடர் எண் இப்போது வேண்டும். போடப்போகும் பதிப்பின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் போன் ஏற்காது, 'எஸ்டபிள்யூ ரெவ் செக் பெயில்' என்று சிவப்பில் எழுதும். அந்த எழுத்து வந்தால் அதே கோப்பை மீண்டும் மீண்டும் தள்ளாதீர்கள். சமமான அல்லது கூடிய எண் உள்ள கோப்பைத் தேடுங்கள். கூகிளின் பிக்சல் போனிலும் இதே பூட்டு உண்டு: பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றும் அன்ட்ரொயிட் 13-க்குப் போன பிறகு 12-க்குத் திரும்ப முடியாமல் கூகிள் 2022 ஓகஸ்ட்டில் அடைத்தது.

இயங்குதளத்தை ஏற்றும் நேரத்தில் மின் போனால் மடிகணினி தாங்கும், மேசைக் கணினி தாங்காது. யூபிஎஸ் இல்லாமல் மேசைக் கணினியில் ஒடின் ஓட்ட வேண்டாம். போனிலும் 50 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும்.

கணினி போனைக் கண்டுகொள்ளவே இல்லை, எந்தப் பொத்தானுக்கும் திரை எரியவில்லை என்றால் நிறுத்துங்கள். அது கடைவேலை.

அறிகுறி: பிக்சலில் பீற்றாவை விட்டு விலகியதும் ஒரு அப்டேற் வந்து நிற்கிறது

அதை ஏற்றாதீர்கள். விலகிய 24 மணித்தியாலத்துக்குள் வரும் அந்த அப்டேற் பழைய பதிப்புக்கு இறக்கும், போனைத் துடைத்துவிடும். விலகிவிட்டு அதைத் தொடாமல் விட்டால் அடுத்த இறுதிப் பதிப்பு தரவோடு வந்து சேரும்.

அறிகுறி: புதிய இயங்குதளம் போட்ட பிறகு சிக்னல் இல்லை

சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். பிறகு *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வந்து அது பெட்டியில் உள்ளதோடு பொருந்தினால் போனின் அடையாளம் தப்பியிருக்கிறது. வேறு பிராந்தியத்தின் மோடம் கோப்பு ஏறியதுதான் காரணமாக இருக்கும். உங்கள் மாதிரி எண்ணுக்குரிய முழு இறுதிப் பதிப்பு அதைச் சரிசெய்யும். வெளிநாட்டுப் போன் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவையும் பாருங்கள்: ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் சேர்த்து 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும்.

எண் வெறுமையாகவோ பூச்சியங்களாகவோ வந்தால் அடையாளப் பகுதியே பழுது. வேறொரு போனின் எண்ணை எழுதித் தருகிறோம் என்று யாரும் சொன்னால் மறுத்துவிடுங்கள். பெட்டியையும் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்துக்குப் போங்கள்.

அறிகுறி: ஷவுமியில் 'இந்த எம்ஐயுஐ பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது'

எம்ஐயுஐ என்பது ஷவுமி போனின் இயங்குதளம். சீனச் சந்தைக்கான போனில் அதன் உலகப் பதிப்பைப் போட்டுப் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். ரீசெற், ரிக்கவரி எதுவும் உதவாது. வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள். இன்னும் பூட்டாத போன் கையில் இருந்தால் பூட்டமுன் அதற்குரிய சீனப் பதிப்பைத் திரும்பப் போட வேண்டும். பூட்லோடரைத் திறப்பதற்கு ஷவுமி நாள்கணக்கில் காத்திருக்க வைக்கும். உடனடியாகத் திறந்து தருகிறோம் என்பவர் கள்ள வழியில் போகிறார்.

கடையில் கொடுக்கும்போது

சிம்மையும் மெமரி கார்ட்டையும் எடுத்துவிடுங்கள். பீற்றா என்பதை மறைக்காதீர்கள். மறைத்தால் திருத்துநர் வன்பொருளைத் திறந்து தேடுவார், கூலியும் ஏறும். பில்ட் எண், கோப்பு வந்த இடம், ஏற்கெனவே செய்து பார்த்தவை ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பில்ட்டைப் போடப்போகிறார், தரவு அழியுமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கொழும்புக்கு அனுப்பவேண்டி வந்தால் பெட்டிக்குள் கடவுச்சொல் எழுதிய தாளை வைக்க வேண்டாம்.

'அந்தக் கோப்பை எனக்கும் அனுப்பு' என்று கேட்டால்

உங்களிடம் ஓடுகிற கோப்பு அவரிடம் ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாதிரி எண், தொடக்கப் பில்ட், பிராந்தியம், பூட்லோடர் எண் நான்கும் பொருந்த வேண்டும். விண்டோஸ் என்றால் காலாவதித் திகதி உங்களுக்கு வந்த நாளில் இருந்தே குறைந்துகொண்டு போகிறது. கோப்பை அனுப்பாமல், மைக்ரோசொப்ட், ஆப்பிள், கூகிள் தரும் பீற்றாப் பதிவுப் பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள். அவர் தன் கணக்கில் சேர்ந்தால் அடுத்த அப்டேற்றும் விலகும் வழியும் அவருக்கே வரும். டேற்றா மிச்சம் பிடிக்கப் பென்ட்ரைவில்தான் கொடுக்கவேண்டும் என்றால் இறுதிப் பதிப்பை மட்டும் கொடுங்கள், எஸ்எச்ஏ 256 சரத்தோடு.

குழுவில் ஏற்கெனவே போட்டிருந்தால் கோப்பை அழித்துவிட்டு, அதே இடத்தில் மாதிரி எண், பில்ட் எண், காலாவதித் திகதி மூன்றையும் எழுதி விடுங்கள். இறக்கிப் போட்டவர்கள் தங்கள் போனையோ கணினியையோ அதோடு ஒப்பிட்டு, எழும்பாமல் போவதற்கு முன் பக்கப் எடுத்துக்கொள்வார்கள்.